பதில் சொல்லாத பதினான்கு பேர்

வங்கியில் அவளுக்குக் கணக்குப்புலி என்று பெயர். கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் கட்டாமல் கைவிரிப்பார்கள் என்று முன்கூட்டியே கணக்கிடுவது அவள் வேலை. ஒன்பது வருடத்தில் அவள் சொன்னது பெரும்பாலும் தப்பியதில்லை. அப்படிப்பட்டவள் தன் வாழ்க்கைக் கணக்கிலா சறுக்க வேண்டும்?

நிதிக் கணிதத்தில் முதுகலை படிக்க வெளியூரில் இடம் கிடைத்திருந்தது. பதினாறு மாதம். வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சேருகிறாளா இல்லையா என்று சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் கண்ணை மூடி நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து அவள் சம்பளமும், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அண்ணி வாங்கும் சம்பளமும் சேர்ந்துதான் வீடு. அண்ணனின் மகள் பள்ளிக்குப் போகிறாள். "நான் ரெண்டு ஷிப்ட் பாத்துக்கறேன், நீ போ" என்று அண்ணி சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை. சமையலறை மேஜையில் லேப்டாப். படிப்பு முடித்து எப்போது வேலை கிடைக்கும், சம்பளம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் போட்டுத் தன் எதிர்காலத்தைக் கணினிக் கணக்கில் பத்தாயிரம் தடவை ஓடவிட்டிருந்தாள்.

"நூத்துக்கு எண்பத்தொண்ணு அண்ணி. போனா ஜெயிச்சிடுவேன்."

"மீதி பத்தொன்பதுல நீ இருந்தா?" அண்ணி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி, வேலை கிடைக்கும்னு யார் சொன்னது?"

"காலேஜே போட்டிருக்கு. போன வருஷம் இருபத்தாறு பேர்ல இருபத்துநாலு பேருக்குக் கிடைச்சிருக்கு."

"க்ளாஸ்ல மொத்தமே இருபத்தாறு பேர்தானா?"

அவள் திரையைப் பார்த்தாள். கீழே பொடி எழுத்தில் இருந்தது. "நாப்பது பேர். பதில் அனுப்பினவங்க இருபத்தாறு."

கத்தி நின்றது. "ரத்தம் குடுக்க வராதவங்களை எல்லாம் நோய் இல்லாதவங்கன்னு நான் எழுதிக் குடுத்தா, என்னை வேலையில வெச்சிருப்பாங்களா புலி?"

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. ஏனென்றால் வங்கியில், போனை எடுக்காதவர்களை முதல் ஆளாக வாராக்கடனில் சேர்ப்பது அவள்தான். ஊரார் மௌனத்துக்கு ஒரு நியாயம், தன் ஆசைக்கு ஒரு நியாயமா?

பழைய மாணவர்கள் பட்டியலில் தேடி, வேலை பற்றி எதுவும் எழுதாத ஒருவருடைய எண்ணைப் பிடித்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நாலு கம்பெனில கடைசி ரவுண்டு வரைக்கும் போனேங்க" என்றார் அவர். "எல்லா இடத்துலயும் வயசைத்தான் கேட்டாங்க. படிச்சு முடிக்கும்போது எனக்கு முப்பத்தஞ்சு. இப்ப ட்யூஷன் சென்டர்ல கணக்கு எடுக்கறேன்."

அவளுக்கு இப்போது முப்பத்து மூன்று.

"காலேஜ்லருந்து கேட்டு மெயில் வரலையா?"

"மூணு தடவை வந்துச்சு. என்னன்னு எழுதறது சொல்லுங்க? என் மாமனாரே கேக்கறதை விட்டுட்டார், அவங்க விடல." சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "படிப்பு நல்ல படிப்புங்க. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

அவர் வைத்தபிறகும் போன் அவள் காதிலேயே இருந்தது.

பதினான்கு பேரையும் வேலை கிடைக்காதவர்களாக வைத்து மறுபடி ஓடவிட்டாள். ஐம்பத்து மூன்று. மாற்றி மாற்றி ஓடவிட்டாள். அதைச் சுற்றியேதான் வந்தது. தனி ஆளாக இருந்தால் அந்த ஐம்பத்து மூன்றை நம்பி அவள் குதித்திருப்பாள். இரண்டு ஷிப்ட் பார்த்து வீங்கப்போகும் கால்கள் அவளுடையவை அல்லவே.

மூன்று மணிக்கு அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் போகாதேன்னு சொல்லல. தெரிஞ்சு போன்னுதான் சொன்னேன்."

"தெரியும் அண்ணி."

"அப்புறம் என்மேல பழி போடக்கூடாது."

"உங்கமேல போடாம வேற யார்மேல போடறது?" என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டதே தவிர சிரிப்பு வரவில்லை.

கல்லூரி அனுப்பிய படிவத்தில் சேரவில்லை என்ற கட்டத்தைத் தொட்டாள். காரணம் கேட்டது. சொந்தக் காரணம் என்று போட்டு அனுப்பினாள். ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

அப்போதுதான் நிமிர்ந்தாள். அண்ணியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. கண் சிமிட்டும் நேரம்தான். அதை அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்துவிட்டாள் என்பதை அண்ணியும் பார்த்துவிட்டாள்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.