மண்டோர் வீட்டுக்குப் போன சீம்பால்

ஈரப் புல்லும் டெட்டாலும் கலந்த வாடை... கன்று போட்ட கொட்டகை என்றால் எனக்கு அதுதான்.

மலேசியாவில், பெம்பான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அப்போது எங்கள் வீடு. கால்நடை ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அப்பா வளர்த்த செவலை, விடியும் நேரத்தில் கிடாரிக் கன்று போட்டது.

மடியைத் தொட்டுப் பார்த்தேன். பின்பக்கத்து இடது காம்பு கல் மாதிரி இறுகிச் சுட்டது. பீய்ச்சினால் பால் திரிதிரியாக வந்தது. மடிநோய். மற்ற மூன்று காம்பில்தான் நல்ல சீம்பால்.

"அப்பா, இந்தப் பாலை முழுக்கக் கன்னுக்கு விடுங்க. பொறக்கும்போது அதுக்கு நோயை எதிர்க்கிற சக்தியே கிடையாது. இந்தப் பால்லதான் கிடைக்கும். நேரம் ஆக ஆக ஒடம்புல சேராதுப்பா."

அப்பா தூக்குவாளியை எடுத்தார்.

"மண்டோர் வீட்டுல கேட்டிருக்காங்கம்மா. கொட்டாயப் பிரிக்கணும்னு தோட்டத்து ஆபீஸ்ல பேச்சு ஓடுது. அவரு ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க லா. கன்னுக்குச் சாயங்காலம் விட்டுக்கலாம்."

நான் சண்டை போட்டிருக்கலாம்... போடவில்லை. வாளியை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் அந்த மண்டோர் வீட்டுக்கு நானே கொண்டு போனேன்.

"நல்லா மஞ்சளா இருக்கே! பசார்ல கிடைக்குமா இது?" என்று மண்டோர் மனைவி சிரித்தார். நானும் சிரித்தேன்.

சாயங்காலம்தான் கன்று குடித்தது. மூன்றாம் நாள் கழிச்சல். எங்கள் ஆபீஸ் டாக்டர் வந்து ஊசி போட்டார்.

"மொதல் பால் எப்பக் கொடுத்தீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"உடனே கொடுத்துட்டோம் டாக்டர்" என்றேன்.

ஐந்தாம் நாள் கன்று செத்தது. செவலை இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் காம்பில் அப்புறம் பாலே வரவில்லை.

அடுத்த மாதம் கொட்டகையைப் பிரித்தார்கள். முன்னால் நின்று ஆட்களை ஏவியவர் அதே மண்டோர்தான்.

"மேலிடத்து ஆர்டர். நான் என்னய்யா செய்ய முடியும்?"

அப்பா செவலையைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

இப்போது நான் போகும் பண்ணைகளில் சீம்பாலை ஃப்ரீசரில் சேமித்து வைக்கிறார்கள். கன்று பிறந்த சற்று நேரத்திலேயே புட்டியில் புகட்டிவிடுகிறார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது... நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா கிளேபாங்கில் என்னோடுதான் இருக்கிறார். காலையில் தேநீர் குடித்துக்கொண்டே, "இன்னிக்கு எங்கேம்மா வேலை?" என்பார்.

மாட்டுப் பண்ணை என்று சொன்னால், மேலே எதுவும் கேட்கமாட்டார்.

நானும் சொல்வதில்லை.