சிவப்புக் கட்டம்

ஐம்பத்தெட்டு வயதில் அப்பாவுக்கு இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணத்தை முடிக்கும் ஆசை வந்தது. பொறியாளரான நான் பயிற்சி அட்டவணை போட்டுக் கொடுத்தேன். சொன்ன தூரத்தை முடித்தால் பச்சைக் கட்டம், பாதியில் திரும்பினால் சிவப்பு.

ஒரு ஞாயிறு காலை, சாத்தான்குளம் சாலையில் போனவரின் புள்ளி என் செல்போன் வரைபடத்தில் நகரவே இல்லை. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அழைத்துக்கொண்டே இருந்தேன். ஆறாவது முறை ஒரு டீக்கடைக்காரர் எடுத்தார்.

“அண்ணாச்சி பெஞ்சில படுத்திருக்காவ. நெஞ்சு அடைக்குன்னு சொல்லுதாவ. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, பதறாம வாங்கம்மா.”

இதய ரத்தக்குழாயில் அடைப்பு. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததால் பிழைத்தார்.

“முன்னாடியும் இப்படி இருந்துச்சாப்பா?”

“மூணு வாரமா மேடு ஏறும்போது இறுக்கத்தான் செய்யுது மக்கா. பாதியில வந்தா நீ செவப்படிச்சிருவியே!”

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

இப்போது மருத்துவர் அனுமதித்த தூரம் மட்டும்தான். கிளம்பும் முன் நெஞ்சு, மூச்சு, தூக்கம் மூன்றையும் கேட்கிறேன். பதிலில் தயக்கம் தெரிந்தால் அன்று ஓய்வு. சிவப்பை எடுத்துவிட்டேன்.

போன வாரம் நான்காவது கிலோமீட்டரில் அப்பாவே அழைத்தார். “களைப்பா இருக்கு மக்கா, வந்து கூட்டிட்டுப் போ.”

அவ்வளவு நிம்மதியாக நான் கார் ஓட்டியதே இல்லை.