இலைக்கு விட்ட அரை இன்ச்

எங்கள் கீழ் வீட்டு சித்திகா தைத்த ரவிக்கையைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது என்று இரும்புலியூரில் ஒருத்தி சொல்லட்டும், பார்க்கலாம். மாடி வீட்டு ஹெப்சி நான் சொல்கிறேன். என் உடம்புக்கு அளவெடுப்பது என்ன லேசுப்பட்ட வேலையா?

அந்தக் கையை நம்பித்தான் காட்டாங்குளத்தூரில் ஆராய்ச்சி படிக்கும் நித்யஸ்ரீ பறித்த இலைகளைக் கொண்டுவந்தாள். இருபது வகை மரம், அறுநூறு இலை. நீள அகலத்தை எழுதித் தந்தால் போதும், எது எந்த மரத்து இலை என்று கம்ப்யூட்டர் பிரித்துச் சொல்லுமாம். சித்திகா இன்ச் டேப்பால் நான்கே நாளில் அளந்து கொடுத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் முகம் வாடி வந்து நின்றாள்.

"அக்கா, நெட்டிலிங்கத்த மாமரம்னு சொல்லுது. எல்லாமே தப்பு. திங்கக்கிழமை ரிசல்ட் காட்டணும். திரும்ப அளக்கலாம்னா இலையெல்லாம் காஞ்சு சுருங்கிடுச்சு. ஆறு மாச வேலை போச்சுக்கா!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலன்னா இவ இன்னா பண்ணுவா?" என்றேன்.

சித்திகா என்னைக் கண்டுகொள்ளவில்லை. வாசலில் இருந்த புங்க மரத்தில் ஓர் இலையைப் பறித்தாள், டேப்பை வைத்தாள், "நாலு" என்றாள்.

நித்யஸ்ரீ குனிந்து பார்த்தாள். "டேப்புல மூணரைதானே காட்டுது?"

"ஆமா. அரை இன்ச் லூஸ் விட வேணாமா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "யா அல்லா!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம், அளந்த கையோடு லூஸையும் சேர்த்துத்தான் எழுதுவாள். நீளத்துக்கு அரை, அகலத்துக்கு அரை என்று அறுநூறு இலைக்கும் தாராளமாக விட்டிருக்கிறாள், மகராசி!

"எல்லாத்துக்குமே அரைதானாக்கா? நல்லா தெரியுமா?"

சித்திகா விருட்டென்று நிமிர்ந்தாள். "அரைன்னா அரைதான். ஒரு நூல் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது."

நித்யஸ்ரீ அங்கேயே லேப்டாப்பைத் திறந்து எல்லா அளவிலும் அரை இன்ச்சைக் கழித்தாள். நாங்கள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். நெட்டிலிங்கம் நெட்டிலிங்கமாகவே வந்தது. மாவும் நாவலும் அதனதன் வரிசைக்குப் போயின. அந்தப் பெண் சித்திகாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்?

செவ்வாய்க்கிழமை அடுத்த மூட்டை இலை வந்து இறங்கியது. சித்திகா புது நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'இலைக்கு லூஸ் கிடையாது.'

"அப்ப எனக்கு?" என்றேன்.

"உனக்கு ரெண்டு இன்ச் விட்டாகணும்" என்று சிரித்துவிட்டு முதல் இலையை எடுத்தாள்.