சங்கு ஊதியது, நான் ஓடினேன்

போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராயபுரத்தில் இருக்கும் நானும் மனைவியும் எண்ணூர் கடலோரமாக நடந்து, வெள்ளைக்காரன் காலத்துப் பழைய பங்களா ஒன்றைப் பார்க்கப் போனோம். மலை உச்சியில் கோட்டை பார்க்க எங்கள் பக்கம் மலை ஏது? கடல் அரிக்காமலிருக்கக் கருங்கல் கொட்டிய மேடு, அதன்மேல் இடிந்த நாலு சுவர். அதற்கே நான் காலையில் தலைக்கு டை அடித்து, அவசரத்தில் அரைகுறையாக அலசிக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

பாதி வழியில் மூக்கில் சுரீரென்று ஒரு நெடி. கூடவே தொழிற்சாலைச் சங்கு ஊதியது. முன்பு ஒருமுறை வாயு கசிந்து ஜனங்கள் ஓடிய இடம்; அந்தப் பக்கம் அமோனியா என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். என் மனைவிக்கோ வீசிங். ஊதுபத்திப் புகைக்கே மூச்சு இழுக்கும்.

“கேஸ் லீக்காயிடுச்சு, ஓடு!”

“இன்னாயா, உன் வெளாட்ட ஆரம்பிச்சிட்டியா?” என்றாள். தினம் ஒரு புரளி கிளப்புகிறவனை யார் நம்புவார்கள்? என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் முகமும் வெளுத்தது.

ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். கர்ச்சீப்பை அலையில் நனைத்து அவளிடம் கொடுத்தேன். என் துண்டையும் நனைத்து, தலையோடு சேர்த்து முகத்தில் சுற்றிக்கொண்டேன். நெடி இன்னும் ஏறியது! அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கல்லுக்குக் கல் தாவினேன். அவளுக்கு இழுப்பு ஆரம்பித்துவிட்டது. மாதாவுக்கு என் உயரத்தில் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். அந்தப் பதற்றத்திலும், நான் குட்டை, செலவு குறைவு என்று புத்தி போனது.

மேலே, பங்களாச் சுவர் ஓரம், ஒருவர் பீடியைப் பிடித்தபடி தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

“பீடிய அணைப்பா! கேஸு!”

“இன்னா கேஸு? அது ஷிப்டு மாறுற சங்கு நைனா. டெய்லி ஊதிக்கினுதான் கீது.”

“அப்ப இந்த நாத்தம்?”

“எனுக்கு ஒண்ணியும் வர்லியே. அத்த வுடு, உன் மூஞ்சிலேர்ந்து இன்னா கருப்பா ஒழுவுது?”

மனைவி மூச்சிரைத்தபடியே என் துண்டை இழுத்து முகர்ந்தாள். “அடப்பாவி மனுசா, உன் தலை டை நாத்தம்யா இது!”

அவளும் தூண்டில்காரரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து உறிஞ்சி அவள் மூச்சு சீராகும்வரை எனக்குச் சிரிப்பே வரவில்லை. அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். என் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“பயந்தாங்கொள்ளி. ஆனா கைய மட்டும் வுடல” என்றாள்.

பங்களாவை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. இன்றும் எங்கேயாவது சங்கு ஊதினால், கிண்டலுக்கு வாய் திறப்பதற்குள் என் கை அவள் கையைத் தேடிப் போய்விடுகிறது.