கணவாய் வீட்டில் நின்ற ரயில்

டோலினா கட்டனாக் முப்பது வருஷமாகத் தன் சிவப்புக் கம்பளி உள்பாவாடையை வீட்டுக்குள் அடுப்புக்கு மேலேதான் உலர்த்தினாள். கஞ்சத்தனமோ வெட்கமோ இல்லை. தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் சிவப்புத் துணியைக் கொடியில் போடக் கூடாது. எஞ்சின் டிரைவர் கண்ணில் சிவப்பு பட்டால் வண்டியை நிறுத்துவான். அது அவன் கடமை. ரயில்வேக்காரனைக் கட்டிக்கொண்டு வருகிற எந்தப் பெண்ணுக்கும் முதல் நாளே சொல்லப்படும் விஷயம் இது. ரொட்டி சுடத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள்.

அவள் வீடு ட்ரமோக்டர் கணவாயில், உச்சிக்குச் சற்றுக் கீழே, தெற்குச் சரிவில் இருந்தது. ஒரு பக்கம் பெண்பன்றி மலை, மறுபக்கம் ஆண்பன்றி மலை. பெயர் வைத்தவனுக்கு என்ன கோபமோ தெரியாது. இடையில் ஓடை, ரோடு, இரட்டைத் தண்டவாளம், பிறகு டோலினா. வேறு ஒரு ஜீவனைக் காட்ட வேண்டுமென்றால் மானையோ ஆட்டையோதான் காட்ட வேண்டும்.

தெற்கே பெர்த்திலிருந்து வடக்கே இன்வர்னஸ் போகும் இந்த ரயில் பாதைக்கும் கட்டனாக் குடும்பத்துக்கும் பழைய பந்தம். முதன்முதலில் பாதை அவிமோருக்கு அப்பால் கிராண்டவுன் பக்கம் திரும்பி, ஆளில்லாத சதுப்பு மேட்டைத் தாண்டி, ஃபோரஸ் வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் இன்வர்னஸ் சேர்ந்தது. அதற்கு மண் வெட்டியவர்களில் ஒருவர் டோலினாவின் கணவன் ஈவனுடைய தாத்தா. ஒரு தலைமுறை கழித்து, இத்தனை சுற்று எதற்கு என்று மலையைக் குடைந்து கார்பிரிட்ஜ் வழியாக நேரே ஒரு பாதை போட்டார்கள். அதில் ஈவனின் அப்பா. கணவாயில் ஒற்றைப் பாதையை இரட்டையாக்கியபோது ஈவனே மண்வெட்டியோடு நின்றான். அப்போதுதான் கல்யாணமாகி டோலினாவை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தான். "தெற்க போற வண்டி, வடக்க போற வண்டி, ரெண்டும் உன் வாசல்ல. ராணி மாதிரி இருப்ப" என்றான். இரண்டும் வாசலில் போயின என்பது உண்மைதான். ஒன்றுகூட நிற்கவில்லை.

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் பனி வாரப் போன ஈவன் நெஞ்சில் சளி கட்டி இறந்தான். பிள்ளைகள் இல்லை. ரயில்வே கம்பெனி அவளை வீட்டில் இருக்க அனுமதித்தது, கருணையால் என்று சொல்ல ஆசைதான். அந்த இடத்துக்குக் குடிவர வேறு எவனும் சம்மதிக்கவில்லை என்பதுதான் நிஜம். தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன்கள் பக்கத்து வீடுகளில் இருக்கும்வரை நாள் ஓடியது. அப்புறம் கம்பெனி அவர்களுக்குத் தண்டவாளத்தில் ஓடும் மோட்டார் டிராலி கொடுத்து, எல்லோரையும் டால்வின்னி ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டது. வியாழக்கிழமை தோறும் டிராலி அவள் வாசலைக் கடக்கும். மேஸ்திரி லாக்லன் தொப்பியைத் தொடுவார். இவள் தலையசைப்பாள். அவ்வளவுதான் ஒரு வாரத்துக்கான மனித சகவாசம்.

ஏப்ரலில் ஒரு காலை ஓட்ஸ் கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தபோது "ஐயோ" என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இருமிப் பார்த்தாள். மறுபடி முயன்றபோது துருப்பிடித்த கீல் மாதிரி ஏதோ வந்தது. அவளுக்குப் பயமாகிவிட்டது. கடைசியாகப் பேசியது எப்போது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. கஞ்சியைக் குடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு துணி துவைத்தாள். சிவப்புப் பாவாடையைப் பிழிந்து, வழக்கம்போல அடுப்படிக்கு எடுத்துப் போனவள், பாதியில் திரும்பி வெளியே வந்தாள். மறதியில் செய்தாள் என்று சொல்லி அவளைக் காப்பாற்றலாம். இல்லை, தெரிந்தேதான் செய்தாள். தண்டவாளம் பார்த்த கொடியில் பாவாடையை விரித்து, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள். உள்ளே போய் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துக் கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள்.

பெர்த்திலிருந்து வரும் காலை வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு சரிவேறி வந்தது. பிரேக் கிறீச்சிட்ட சத்தம் இரு மலைகளிலும் மோதித் திரும்பியது. எஞ்சின் அவள் கதவுக்கு நேராக நின்றது. வில்லி ஷோ தலையை நீட்டினார். ஈவனோடு பள்ளிக்கூடம் போனவர்.

"என்னாச்சு டோலினா? தண்டவாளம் உடைஞ்சிருக்கா? பாலமா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்." குரல் வந்துவிட்டது. "டீ போட்டிருக்கேன் வில்லி. வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்களேன்."

வில்லி அவளைப் பார்த்தார். கொடியில் ஆடும் பாவாடையைப் பார்த்தார். திரும்பித் தன் பின்னால் நிற்கும் பெட்டிகளைப் பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை முளைத்திருந்தது.

"ஏம்மா, இந்த மேட்டுல நிறுத்தினா மறுபடி இழுக்கறது எவ்வளவு பாடுன்னு உனக்குத் தெரியாதா? ஈவன் பொண்டாட்டி தானே நீ?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் முகத்தில் என்ன கண்டாரோ, வில்லியின் குரல் இறங்கிவிட்டது. "அதை எடுத்து உள்ள போடு" என்றார் மெதுவாக. அதற்குள் கார்டு ஓடி வந்து சேர்ந்தார்.

"என்ன விஷயம் வில்லி?"

"ஆடு. தண்டவாளத்துல நின்னுச்சு."

கார்டு பாவாடையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஆடுதான். நல்லா வளர்ந்த ஆடு" என்று சொல்லிவிட்டுப் பச்சைக் கொடியைப் பிரித்தார். வண்டி சறுக்கிச் சறுக்கி, முனகி, ஒருவழியாக நகர்ந்தது. இரண்டு கோப்பை டீயையும் டோலினாவே குடித்தாள்.

அடுத்த வாரம் இன்வர்னஸிலிருந்து இன்ஸ்பெக்டர் கெடிஸ் வந்தார். அவருக்காக ரயில் அவள் வாசலில் நின்றது. அவர் இறங்கியதும் போயிற்று. நீளக் கோட்டு, சுத்தமான பூட்ஸ். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"மிசஸ் கட்டனாக், டிரைவர் ஷோ ஆடுன்னு சொல்றார். ஆனா ஒரு பயணி கொடியில சிவப்புத் துணி பாத்ததா ஸ்டேஷன்ல சொல்லியிருக்கார். எனக்கு உண்மை தெரியணும். பொய் ரிப்போர்ட் கொடுத்த டிரைவர் எஞ்சின் ஏற முடியாது, உங்களுக்கே தெரியும். காரணமில்லாம வண்டிய நிறுத்துற ஆள் இந்த வீட்டுல இருக்கவும் முடியாது."

வீடு போவது டோலினாவுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. போகச் சொன்னால் போகலாம். பெர்த்தில் எங்காவது ஒரு அறை கிடைக்காதா. அவளை உறுத்தியது வேறு. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு முறை, வாங்க என்று கூப்பிட்டிருந்தாள். அதைத் தான்தான் செய்தேன் என்று ஒரு மனிதரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. சொன்னால் வில்லியின் வேலை போகும். கூப்பிட்டதற்கு நின்ற ஒரே ஆள் அவர்.

"ஆடுதான் ஐயா."

"துணி?"

"இந்தப் பாதையில யாரும் சிவப்பு காயப் போட மாட்டோம் ஐயா. முப்பது வருஷமா நான் போட்டதில்ல."

கெடிஸ் வெறும் கொடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா வேலி பழுதாயிருக்கணும். பாக்கச் சொல்றேன்" என்றார். திரும்பிப் போகும் வண்டி வரும்வரை வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் தந்த டீயை நின்றபடியே குடித்தார். டீ நன்றாக இருக்கிறது என்றார்.

இப்படியாக, வராத ஆடு ஒன்றைத் தடுப்பதற்காக, திங்கட்கிழமை லாக்லன் மூன்று ஆட்களோடும் ஒரு சுருள் கம்பியோடும் வந்து இறங்கினார்.

"ஆடு எங்க நுழைஞ்சுச்சுக்கா?"

டோலினா ஒரு இடத்தைக் கை காட்டினாள். அங்கே வேலி கல்லுப்போல இருந்தது. லாக்லன் கம்பியை ஆட்டிப் பார்த்தார். "ஆமாமா, இங்கதான். ரொம்ப மெலிஞ்ச ஆடா இருந்திருக்கும். டேய், எல்லாத்தையும் பிரிங்கடா" என்றார். நல்ல வேலியைப் பிரித்து அதே வேலியை மறுபடி கட்டத் தொடங்கினார்கள். அந்த வாரம் முழுக்க டோலினா ஆட்டுக்கறி சூப் வைத்தாள், ஓட்ஸ் அடை சுட்டாள். "அந்த ஆட்டையே பிடிச்சு சூப்புல போட்டுட்டியாக்கா? எங்களுக்கு வேலையே இல்லாம போயிடுமே" என்று ஒருவன் கிண்டலடித்தான். அவள் சிரித்தாள். பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். ஈவனைப் பற்றி, பனியைப் பற்றி, கரி விலையைப் பற்றி. அவளுக்கே தன் குரல் அலுத்துப்போகும் அளவுக்குப் பேசினாள். சந்தோஷமாக இருந்தாள், அதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அதுதான்.

எவ்வளவு மெதுவாகக் கட்டினாலும் ஒரு வேலி முடிந்துதான் ஆகும். கடைசி நாள் ஆட்கள் டிராலியில் சாமான் ஏற்றும்போது, லாக்லன் வாசலில் தயங்கி நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்கா. வாரா வாரம் நாங்க இந்த வழியாதானே போறோம். கையக் காட்டியிருந்தா போதுமே. நின்னிருப்போம். எதுக்கு அத்தன பெரிய வண்டிய நிறுத்தின?"

டோலினா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஆபத்து இருந்தாத்தான் நிறுத்தணும்னு சொல்லிக்கொடுத்தாங்க லாக்லன். சும்மா நிறுத்தலாம்னு யாரும் எனக்குச் சொல்லல."

லாக்லன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை டோலினா சீக்கிரமே எழுந்து தலை வாரிக்கொண்டு, கெட்டிலை வைத்துவிட்டு, வாசலில் வந்து நின்றாள். வடக்கே டிராலியின் சத்தம் கேட்டது. வளைவில் தெரிந்தது. லாக்லன் வேகத்தைக் குறைப்பது தெரிந்தது. நான்கு முகங்களும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. டிராலி நடை வேகத்துக்கு வந்துவிட்டது. அவள் கையைத் தூக்கினால் போதும்.

கை மேலங்கிக்குள்ளேயே இருந்தது. காட்டு, காட்டு என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். கை ஏறவில்லை. இன்றைக்கு என்ன சொல்வது? வேலி முழுசாக இருக்கிறது. ஆடு இல்லை. தண்டவாளம் சரியாக இருக்கிறது. தனக்கு ஒன்றுமில்லை.

லாக்லனும் அவளைப் போன்றவர்தான். கூப்பிடாத வாசலில் இறங்கத் தெரியாதவர். காத்துப் பார்த்தார். தொப்பியைத் தொட்டார். டோலினா தலையசைத்தாள். டிராலி வேகமெடுத்துத் தெற்கே சரிவில் இறங்கிப் போயிற்று.