ஊதுவத்திப் பரீட்சை

போன வாரம் பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணம். வாழ்த்திப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேறு ஆள் அகப்படவில்லை போலிருக்கிறது.

பெண்ணின் தகப்பனார் பெரிய பண்ணாடி — வெற்றிலைக் கொடிக்கால் முதலாளி. எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கிற முகம். 'லட்சுமி குடியிருக்கும் முகம்' என்று மேடையில் அளந்தேன். அந்த வாக்கியத்தை இப்போது விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவிக்கிறேன்.

நான் மேடையை விட்டு இறங்கினதும் வெற்றிலைக் கூடையோடு வந்தான் மாரப்பன். அவருடைய கொடிக்காலில் இலை கிள்ளுகிறவன். முழங்கையில் வெளிறிய தேமல் ஒன்று. யாரோ பார்த்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் இதற்கொரு பரீட்சை உண்டு — கொளுத்திய ஊதுவத்தியைத் தேமலில் வைப்பது. வைத்தார்கள். தோல் பொசுங்கியது. மாரப்பன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"வலியே இல்லீங்க சாமி. நாளைக்குக் கொடிக்காலுக்கு வாரனுங்க."

பாவம், அதுதான் தனக்கு நல்ல சாட்சி என்று நினைத்தான்... சுட்டும் வலிக்காத தேமல் பெருவியாதி, அதாவது குஷ்டம், என்று தீர்ப்பாயிற்று. கூடை குப்பைக்குப் போயிற்று. கொடிக்கால் பக்கம் தலைகாட்டக் கூடாதென்று உத்தரவு. வேறு கூடை வந்தது. பண்ணாடியே தம் கையால் எல்லாருக்கும் வெற்றிலை கொடுத்தார்.

என்னோடு வந்த டாக்டர் நண்பர் இந்த வியாதிக்கே ஊசி போடுகிறவர். என்னைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னார். மாரப்பன் உடம்பு கிருமியோடு மல்லுக்கு நிற்கிறதாம். கிருமி நரம்பில் ஒளிந்தால், அடிக்கிற அடியில் நரம்பும் சாகுமாம்; அதுதான் மரத்த தேமல். அவனிடமிருந்து பிறருக்கு ஒட்டுவது அபூர்வம். பண்ணாடியின் உடம்போ சண்டையே போடவில்லை. தடித்த காது, உதிர்ந்த புருவம், அந்த மினுமினுப்பு — எல்லாம் உள்ளே கிருமி குடும்பத்தோடு குடியிருக்கிற அடையாளம். தோல் இன்னும் மரக்கவில்லை, அவ்வளவுதான். கூடவே படுத்துறங்கும் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து.

அப்படியென்றால் குடியிருப்பது லட்சுமி இல்லையா?

டாக்டர் போய்ப் பண்ணாடியின் காதில் மெதுவாகச் சொன்னார் — மாரப்பனை விலக்க வேண்டாம், நீங்கள் ஊசிக்கு வாருங்கள் என்று. அவர் கோபிக்கவில்லை. ஓர் ஊதுவத்தியை வாங்கித் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். 'ஸ்' என்று உதறினார்.

"நமக்கு நல்லாத்தானுங்க சுடுது டாக்டரே. வெத்தலை எடுத்துக்கோங்க."

பந்தலே சிரித்தது. நானும்தான். மரியாதைக்கு இரண்டு வெற்றிலை வாங்கி மென்றும் வைத்தேன். மாரப்பன் காவிரிக் கரையோடு போய்க்கொண்டிருந்தான். யாரும் கூப்பிடவில்லை.

அத்தனை பேர் கூடிய பந்தலில் எதிர்த்து நின்றது ஒன்றே ஒன்று — அவன் முழங்கைத் தோல்.