படகு மோட்டாரைத் திறந்த ஆரோக்கியம்

ஆரோக்கியமேரியின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அக்கா போயிருச்சு மேடம். காலையில நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். பிறகு, "உங்ககிட்டச் சொல்லச் சொல்லி அது ஒண்ணும் சொல்லல. எனக்காத்தான் தோணுச்சு" என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த மாதிரி உண்மை பேசுவது அந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது.

ஆரோக்கியத்தோடு எங்கள் கல்லூரித் துறையில் வேலை பார்த்தவர்கள் அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். இறந்தவுடன் ஒருவரை அப்பழுக்கற்றவராக்கிவிடும் எழுத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆரோக்கியம் திறந்த எல்லாவற்றையும் சரியாக மூடியவர் அல்ல. ஆய்வகத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மாட்டியபோது இரண்டு திருகுகள் மிச்சமாயின. கேட்டதற்கு, "அது கம்பெனிக்காரன் அதிகமா வச்சது மேடம். இல்லாமலும் ஓடுதுல்ல" என்றார். கடிகாரம் ஓடத்தான் செய்தது, தினம் ஆறேழு நிமிடம் பிந்தி.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். கிணற்று மோட்டார் நின்றால் அப்பாவோடு உட்கார்ந்து கழற்றியவர். எங்கள் கல்லூரியில் தினக்கூலி ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். தொண்ணூறுகளின் பிற்பாதியில், நிரந்தரமாக்கப்பட இருந்தவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் படகு விவகாரம் வந்தது.

செம்பட்டிக்கு அப்பால் உள்ள அணையின் நடுவிலிருந்து மாதாமாதம் தண்ணீர் எடுத்து ஆராய எங்களுக்கு ஒரு சிறு படகும், அதன் பின்புறம் மாட்டும் மோட்டாரும் கிடைத்திருந்தன. கடலோரத்தில் இது சாதாரணப் பொருள். எங்கள் திண்டுக்கல்லில் வேடிக்கைப் பொருள். அந்த வருட ஆயுத பூஜைக்கு நுண்ணோக்கிகளுக்கும் தராசுகளுக்கும் நடுவே மோட்டாரையும் மரத் தாங்கியில் நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டார்கள். சூடம் காட்டும்போது கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் துறை வழக்கம். மின்விசிறி முதல் ஜெனரேட்டர் வரை அப்படித்தான். துறைத்தலைவர் சைகை காட்ட, யாரோ கயிற்றை இழுத்தார்கள். தீபாராதனை முடிகிறவரை மோட்டார் தண்ணீரே இல்லாமல் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆரோக்கியம் அப்போது சுண்டல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் அங்கேயே இருந்தேன்.

மறுவாரம் அணையில் கரையை விட்டுச் சிறிது தூரம் போனதும் எனக்கு ஏதோ குறைந்தது போலிருந்தது. மோட்டாரைக் குளிர்வித்துவிட்டு அதன் பக்கவாட்டுத் துளை வழியே மெல்லிய தாரையாக வெளியே விழும் தண்ணீர் விழவில்லை. ரப்பர் தீயும் வாடை வந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, காற்றுக்கு எதிரே துடுப்புப் போட்டுத் திரும்பினோம்.

ஒவ்வொரு முறையும் மோட்டாரைக் கழுவி வைப்பது ஆரோக்கியத்தின் வேலை. சரியாகக் கழுவாததால் மணல் சேர்ந்து கெட்டுவிட்டது என்று துறைத்தலைவர் முடிவு செய்தார். அடுத்த மாதம் முதல் வர வேண்டாம் என்றார். ஆரோக்கியம் வாதாடவில்லை. "நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டுங்க சார். அதுக்கு முன்னாடி ஒருக்காத் தொறந்து பாத்துக்கிறேன்" என்றார். மெக்கானிக் தூத்துக்குடியிலிருந்து வர வேண்டியிருந்ததால் துறைத்தலைவரும் சம்மதித்தார்.

சைக்கிள் கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். உதவிக்கு நான். காவலாளி வந்து நின்று, "ஏம்மா, கடலே இல்லாத ஊர்ல கப்பலக் கழட்டுறியாக்கும்?" என்றார். "கடல்ல கழட்டுனா சாமான் உள்ள விழுந்திரும்ணே" என்றார் ஆரோக்கியம், தலையைத் தூக்காமல்.

மோட்டாரின் கீழ்க்காலைத் தனியே பிரித்தபோது, நடுத்தண்டைச் சுற்றி ஒரு கிண்ணம் கவிழ்ந்திருந்தது. அதற்குள்தான் இம்பெல்லர், தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரம். ஆறு இதழ்களில் மூன்று இல்லை. மீதி மூன்றும் கருகி விறைத்திருந்தன. ஆரோக்கியம் கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தடவினார். என் விரலையும் பிடித்து வைத்துத் தடவச் சொன்னார். வழவழவென்று இருந்தது.

"மணல் போயிருந்தா இங்க கீறல் விழுந்திருக்கும் மேடம். இது தண்ணியில்லாம ஓடி வெந்திருக்கு."

தன் வேலை தப்பிவிட்டது என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. போன மூன்று இதழ்கள் எங்கே என்பதுதான் அவருடைய கவலை. மேலே போகும் குழாயில் கம்பியை விட்டுத் துழாவி, ஒவ்வொன்றாக மூன்றையும் எடுத்துத் தாளில் வரிசையாக வைத்தார். "இதை எடுக்காம புதுசு மாட்டுனா மறுபடி அடைச்சிருக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணியில்லாம ஓட்டக் கூடாதுன்னு மோட்டாரோட வந்த புஸ்தகத்துல போட்டிருக்குமே?"

"போட்டிருக்கு."

"பூசைக்கு முன்னாடியே படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. இதழ்கள் எங்கே போயின என்று கேட்ட அதே குரல். பூஜைகளில் ஒதுங்கி நிற்பவள் நான். அன்றும் குறுக்கே பேசினால் வழக்கமான குதர்க்கம் என்பார்கள் என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். ஆரோக்கியம் கவனமாகக் கேட்டார். "அதுவும் இருக்கும். ஆனா அது மட்டும் இல்ல" என்றார்.

அன்று மாலையே நடந்ததைத் துறைத்தலைவரிடம் சொன்னேன். "இதை எழுத்துல தருவீங்களா?" என்றார், தர மாட்டேன் என்ற நம்பிக்கையில். கையேட்டில் இருப்பது தெரிந்திருந்தும் நான் தடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்த வருடம் முழுக்க அவர் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. ஆரோக்கியத்தை நிறுத்தும் பேச்சு மட்டும் அதோடு நின்றது.

புது இம்பெல்லர் தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தது. சோப்புத் தண்ணீர் தடவி, தண்டு சுற்றும் திசையிலேயே மெல்லச் சுழற்றிக்கொண்டு கிண்ணத்தை அதன்மேல் இறக்கினார். இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் மடங்கி உட்கார்ந்தன. சோதித்துப் பார்க்க ஒரு பெரிய டிரம் வேண்டியிருந்தது. சின்னாளப்பட்டியில் சேலைக்குச் சாயம் போடும் உறவுக்காரரிடம் சொல்லி வரவழைத்தார். மோட்டாரின் காலை அதில் முக்கிக் கயிற்றை இழுத்ததும், துளை வழியாகத் தாரை வந்தது, வெளிறிய ரோஜா நிறத்தில். டிரம்மைச் சரியாகக் கழுவவில்லை. "இதுக்கு மெமோ உண்டா மேடம்?" என்றார். நான் சத்தமாகச் சிரித்ததை அங்கிருந்தவர்கள் அப்போதுதான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

தாரையில் விரலை நீட்டிச் சூடு பார்த்தபடி, "எனக்காக எழுதிக் குடுத்தீங்களாம், ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று சங்கடத்தோடு நின்றேன். "அன்னிக்கு ஏன் வாய் திறக்கலன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுச்சா?" என்றார்.

"இல்ல."

"சரி, யோசிச்சு வைங்க. அப்புறமாக் கேட்டுக்கிறேன்."

அடுத்த வருடம் அவர் வேலை நிரந்தரமானது. அதன்பின் பத்து வருடங்களுக்கு மேல் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவர் திரும்பக் கேட்கவே இல்லை. மறந்திருக்க மாட்டார், எந்த ஒன்றையும் பாதியில் விடுபவர் அல்ல. நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். இப்போது என்னிடம் ஓரளவுக்குப் பதில் இருக்கிறது. எந்திரம் கெடும் என்று எனக்குத் தெரியும். கெட்டால் பழி என்மேல் விழாது என்பதும் உள்ளுக்குள் தெரிந்திருந்தது. அது யார்மேல் விழும் என்று அந்த நிமிடம் நான் யோசிக்கவில்லை. இதைச் சொல்லியிருந்தால், "அது மட்டும் இல்ல" என்று அவர் இன்னும் உள்ளே துழாவியிருப்பார். மீதியை இனி நானே தேட வேண்டும்.